ஜுரத்தோடு டூட்டிக்கு வராதீங்க என்ற அமுதாக்கா

அமுதாக்கா போய்விட்ட செய்தி சித்தூரில், காலையில் டூட்டி மாறும் நேரத்தில் எனக்கு வந்தது. இரவுப் பணியில் இருந்த பெண்கள் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருக்க, நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் முனிரத்தினம் அண்ணன் பெயர் தெரிந்தது. அவர் அமுதாக்காவின் கணவர். திருப்பதிக்கும் திருச்சானூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகப் பேசுகிற மனிதர், அன்று பேசியது எனக்குக் கேட்கவே இல்லை. “அண்ணா, சொல்லுங்கண்ணா” என்றேன். “மிஷின எடுத்துட்டாங்கம்மா” என்றார். அமுதாக்காவுக்கு வைத்திருந்த மூச்சுக் கருவியைத்தான் சொன்னார். நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

இதைப் படிக்கும் நர்ஸுகளே, உங்களில் பலர் அவரோடு ஒரே வார்டில் நின்றவர்கள். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். நோயாளிகளைப் பற்றி டாக்டரிடம் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் சொல்லுவார். கோபம் வந்தால் தமிழுக்கு வந்துவிடுவார். “திட்றதுன்னா தமிழ்லதான் உமா ருசி” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நகரி பக்கத்து ஊர் அவருக்கு. நிலம் என்று ஒன்று இல்லாத வீடு. அம்மாவும், நைனா என்று அவர் கூப்பிடும் அப்பாவும் கரும்பு வெட்டவும் மாங்காய் பறிக்கவும் கூலிக்குப் போனவர்கள். அவர் தெலுங்குப் பள்ளியில் படித்து, நர்ஸ் ஆகி, திருப்பதியில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியூவில் சீனியர் நர்ஸாக இருந்தார். நான் அப்போது அதே ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்பு நர்ஸ். யார் கை கழுவுகிறார்கள், யார் மாஸ்க் போடவில்லை என்று பார்த்துக்கொண்டு அலைவதுதான் என் வேலை. “போலீஸ்காரம்மா வந்துக்கினு இருக்கா, கைய கழுவுங்கடி” என்று நான் வரும்போதெல்லாம் கத்துவார். பிறகு தன் டிபன் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளுவார்.

எங்கள் இருவருக்கும் சண்டை வந்த கதையைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வெதுருகுப்பம் பக்கமிருந்து ஒரு பெரியவர் இதய ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்தார். விவசாயி. வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசுகிற குடும்பம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வார்டுக்கு மாற்றலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஜுரம் கண்டது, இருமல் வந்தது, மூச்சு வாங்கியது. பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்தது. வெளியில் எங்கேயும் போகாத மனிதர், வெளியாள் யாரும் பக்கத்தில் வராத அறை. ஃப்ளூ எங்கள் கையால்தான், எங்கள் மூச்சால்தான் அவரிடம் போயிருக்க வேண்டும். அந்த வாரம் ஐசியூவில் பாதிப் பேருக்குச் சளியும் இருமலுமாக இருந்தது. பெரியவர் இறந்துபோனார்.

அவருடைய மகன் நர்ஸுகள் நின்ற இடத்துக்கு வந்து, கோபமே இல்லாமல், புரியாதவன் கேட்கிற மாதிரி கேட்டார்: “நைனாவ மார்ல ஆபரேஷனுக்குத்தானே மேடம் இட்டாந்தோம்? ஆபரேஷன் நல்லா ஆயிடுச்சின்னு நீங்கதானே சொன்னீங்க? சளி ஜுரத்துல எப்பிடி மேடம் போவாரு?” அமுதாக்கா முன்னால் நின்றார். எந்த நோயாளியின் வீட்டாருக்கும் பதில் சொல்லத் தெரிந்தவர், அன்று திரும்பி மாடிப்படிப் பக்கம் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். படியில் உட்கார்ந்திருந்தார்.

“அவருக்கு வாய் தொடச்சது நான்தான் உமா. கஞ்சி குடுத்தது நான்தான். அன்னிக்கி எனக்கு ஜுரம்.”

“எதுக்குக்கா வந்தீங்க?”

“லீவு கேட்டேன். ஆளில்ல, மாத்திர போட்டுக்கினு வான்னாங்க. போட்டுக்கினு வந்தேன்.”

அந்த வருஷம் ஃப்ளூ ஊசி விருப்பப்பட்டவர்களுக்கு என்று வைத்திருந்தோம். மேசை போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன், வந்தவர்கள் சிலர்தான். அமுதாக்காவும் வரவில்லை. “கூழ் குடிச்சி வளர்ந்த ஒடம்பு, எனக்கு எதுக்குடி?” என்று சிரித்துக்கொண்டே போனவர். மாடிப்படியில் அதை நான் நினைவுபடுத்தவில்லை. அவருக்கே அது நினைவிருந்தது. “ஊசியும் போட்டுக்கல, லீவும் கெடைக்கல. ரெண்டும் சேந்து அந்த மனுஷன் தலையில வுழுந்துடுச்சி” என்றார்.

பெரியவருக்குக் காரியம் நடந்த பிறகு, அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று என்னையும் அழைத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. முனிரத்தினம் அண்ணன் ஆட்டோவில்தான் வெதுருகுப்பம் போனோம். பெரியவரின் மனைவி வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகன் உள்ளேயிருந்து வந்தார். நர்ஸம்மா வந்திருக்கிறார் என்று நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அமுதாக்கா உட்காரவில்லை. “எனக்கு அன்னிக்கி ஜுரம் இருந்துச்சிம்மா. அதோடதான் அவரு பக்கத்துல இருந்தேன். என்கிட்டேர்ந்து போச்சா, வேற யாருகிட்டேர்ந்து போச்சான்னு தெரியாது. நீங்க கேட்டப்ப நான் பதில் சொல்லல. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். மகன் கொல்லைப் பக்கம் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. அந்த அம்மாள் உள்ளே போய் இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். நாங்கள் குடித்துவிட்டு வந்தோம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், “அவங்களுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனான்னு தெரியல உமா” என்றார்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஓர் உத்தரவு வந்தது. நர்ஸுகள் எல்லாரும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டவர்களின் அடையாள அட்டையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்படும். போடாதவர்கள் டூட்டிக்கு வர வேண்டாம், அந்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லை. அந்த உத்தரவு வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகிறது என்பதை என் மேசையில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். ஊசி நூற்றுக்கு நூறு காப்பாற்றாதுதான். ஆனாலும் நோய் வருவதைக் குறைக்கிறது, வந்தாலும் தணிக்கிறது. படுத்துக் கிடக்கிற நோயாளிக்கு நர்ஸைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. தன் பக்கத்தில் வருகிறவள் ஊசி போட்டுக்கொண்டாளா என்று கேட்க அவனுக்குத் தெம்பும் இல்லை. அவனுக்காக வேறு யாராவது கேட்க வேண்டும்.

முதல் நாள் முதல் ஆளாக என் மேசைக்கு வந்தவர் அமுதாக்கா. கையை நீட்டி ஊசியைப் போட்டுக்கொண்டார். ஸ்டிக்கரை ஒட்டப் போனேன். அட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஊசி போதும். ஸ்டிக்கர் வேணாம்.”

“எதுக்குக்கா?”

“டாக்டருங்களுக்கு இருக்குதா இது? பெருக்கி மொழுவுற காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு இருக்குதா? எங்க மூக்குலேர்ந்து மட்டும்தான் ஜுரம் போவுதா?”

“ஒவ்வொன்னா வரும்கா. மொதல்ல நம்மளேர்ந்து ஆரம்பிக்கட்டும்.”

“சரி. ஊசி போட்டவளுக்கு ஜுரம் வந்தா லீவு குடுப்பியா? அத எழுதியிருக்கியா உத்தரவுல?”

எழுதவில்லை. “அது என் கையில இல்லைக்கா” என்றேன்.

“அப்ப இதுவும் பாதி வேலதான். ஊசி போடாதவள வீட்டுக்கு அனுப்பத் தெரியுது. ஜுரத்தோட வந்தவள வீட்டுக்கு அனுப்பத் தெரியல.”

இதற்கிடையில் சுஜாதா விஷயம் வந்தது. சுஜாதாவை உங்களில் பலருக்குத் தெரியும், நாயுடுபேட்டைப் பெண். அதற்கு முன்பு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. அப்போது மறுபடியும் கர்ப்பம். ஊசி என்றால் அழ ஆரம்பித்தாள். கர்ப்பிணிகளுக்குத்தான் இந்த ஊசி முக்கியம் என்று நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார். அவளும் நர்ஸ்தான், அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் பயந்தாள். உத்தரவுப்படி டூட்டிக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். திருச்சானூரில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அங்கே போய்ப் படுத்துவிட்டாள்.

அமுதாக்கா டூட்டி முடிந்து தினமும் அவள் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று ரொம்ப நாள் கழித்து சுஜாதா எனக்குச் சொன்னாள். முதல் சில நாட்கள் ஊசியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையாம். சமைத்துப் போட்டிருக்கிறார், தலை வாரிவிட்டிருக்கிறார், போன குழந்தைகளைப் பற்றி அவள் பேசப் பேசக் கேட்டிருக்கிறார். ஒரு நாள் சுஜாதாவே, “அக்கா, மீரைத்தே ஏம் சேஸ்தாரு?” என்று கேட்டிருக்கிறாள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று. “நானா இருந்தா போட்டுக்குவேன். பயந்துக்கினே போட்டுக்குவேன். பயம் போனப்புறம்தான் போட்டுக்கணும்னா ஒருத்தியும் போட்டுக்க முடியாது” என்றாராம். மறுநாள் இருவரும் சேர்ந்து மகப்பேறு டாக்டரிடம் போனார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள் சுஜாதா. பிறகு, “நீங்கதான் போடணும்” என்று அமுதாக்காவிடம் கையைக் காட்டினாள்.

அவள் டூட்டிக்குத் திரும்பிய அன்று நிர்வாக அதிகாரி எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். கட்டாயம் என்று சொன்னால்தான் காரியம் நடக்கிறது, சுஜாதாவே அதற்கு உதாரணம் என்றார். அமுதாக்கா பின் வரிசையிலிருந்து எழுந்தார்.

“சார், அந்தப் பொண்ணு உங்க உத்தரவுக்குப் போட்டுக்கல. உத்தரவு வந்தப்ப அவ அழுதுக்கினு வீட்டுல படுத்துட்டா. பக்கத்துல உக்காந்து பேசினப்புறம் போட்டுக்கினா. ரெண்டும் வேற சார்.”

அதிகாரி தெலுங்கில், இப்போது பிரச்சினை என்ன, எல்லாரும் போட்டுக்கொண்டாகிவிட்டதே என்றார்.

“போட்டுக்கினோம். அதான் இப்ப கேக்கறோம். டாக்டருங்களும் போட்டுக்கணும். காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் நீங்க போடணும். ஜுரம் வந்தவளுக்குச் சம்பளத்தோட லீவு வேணும். சுஜாதாவுக்குப் புடிச்ச சம்பளத்தத் திருப்பிக் குடுக்கணும். போட்டுக்காம கேட்டா பயந்துக்கினு கேக்கறாளுங்கன்னு சொல்லுவீங்க. அதான் எல்லாரையும் மொதல்ல போட்டுக்கச் சொன்னேன்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முந்தைய வருஷம் சிலர் மட்டுமே எட்டிப் பார்த்த என் மேசைக்கு அந்த வாரம் முழுக்க வரிசை வரிசையாக நர்ஸுகள் வந்தது உத்தரவால் மட்டும் இல்லை. வார்டு வார்டாகப் போய் அவர் அனுப்பியிருக்கிறார். எனக்கு எதிராகப் பேசிக்கொண்டே என் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லக்கா?” என்று கேட்டேன். “நீ அந்தப் பக்கம் இருந்தடி” என்றார். அதன் பிறகு கொஞ்ச காலம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. டிபன் டப்பாவும் என் பக்கம் வரவில்லை.

கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. டாக்டர்களும் ஊசி போட்டுக்கொண்டார்கள். பெருக்குகிற பெண்களுக்கும் போட்டோம். சுஜாதாவுக்குச் சம்பளம் வந்தது. ஜுர லீவை மட்டும் எழுத்தில் தரவில்லை. வாய்வார்த்தையாகச் சரி என்றார்கள். அமுதாக்காவை ஐசியூவிலிருந்து எடுத்து வெளிநோயாளிகள் பிரிவின் ஊசி அறைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஐசியூவில் வாழ்க்கையையே கழித்தவரை ஊசி அறையில் உட்கார வைப்பது என்னவென்று நமக்குத் தெரியும். முதல் நாள் நான் அங்கே போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “கைய கழுவிட்டேன்டி போலீஸ்காரம்மா” என்றார். அத்தோடு எங்கள் சண்டை முடிந்தது. எங்கள் வாதம் கடைசிவரை முடியவில்லை.

பிறகு எனக்குச் சித்தூரில் வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வாரம் தவறாமல் போனில் பேசுவோம். ஒரு முறை, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னார். அது நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவரே எனக்கு ஃபோன் செய்து, “உமா, இனிமே நான் இந்தப் பக்கம் இல்ல. கட்டில்ல” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

கீமோதெரபி ஏறுகிற காலத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கரைந்துவிடும். நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவருக்கு ஊசி போட்டாலும் உடம்பு அதை ஏற்றுக்கொண்டு பலன் தரும் என்று உறுதி சொல்ல முடியாது. சுற்றியிருக்கிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும்; சுற்றியிருக்கிறவர்களுக்கு ஜுரம் இல்லாமல் இருக்க வேண்டும். எந்த இரண்டு விஷயத்துக்காக நாங்கள் இருவரும் மாறி மாறிச் சண்டை போட்டோமோ, அந்த இரண்டையும் நம்பித்தான் அவர் படுத்திருந்தார். அதுவும் தன் சொந்த ஆஸ்பத்திரியிலேயே.

அந்த வார்டில் எல்லார் அட்டையிலும் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. நானே போய்ப் பார்த்தேன். ஜுர லீவுதான் இல்லை. வாய்வார்த்தையாகச் சொன்ன அதிகாரி மாறிப் போயிருந்தார். வார்த்தையும் அவரோடு போயிருந்தது. ஆள் குறைந்திருந்தது. லாவண்யா என்று ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவள். அவளுக்கு உடம்பு வலியும் ஜுரமும். லீவு கேட்டிருக்கிறாள். மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அமுதாக்காவுக்கு ஜுரம் கண்டது. பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்தது. நெஞ்சுச் சளி நிமோனியா ஆனது. தகவல் தெரிந்ததும் நான் சித்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையில் வைத்திருந்தார்கள். வெளியே நாற்காலியில் லாவண்யா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தன்னைத்தான் குற்றம் சொல்ல நான் வந்திருக்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள். யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பார்வையாளராக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தன்னிடமிருந்துதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

நான் கவுனும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அமுதாக்காவுக்கு முடியெல்லாம் கொட்டி, முகம் சிறுத்து, மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. பேசினால் மூச்சு இரைத்தது. ஆனாலும், “அந்தப் பொண்ணு போயிட்டாளா?” என்றுதான் முதலில் கேட்டார். வெளியேதான் இருக்கிறாள் என்றேன். கூப்பிடச் சொன்னார். அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரப் பயம்.

“நுவ்வு காதும்மா” என்றார் அமுதாக்கா. நீ இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “நீகு லீவு இய்யனோள்ளு” என்றார். உனக்கு லீவு கொடுக்காதவர்கள்.

லாவண்யா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெதுருகுப்பத்தில் யாரும் தனக்குச் சொல்லாத அந்த வார்த்தையை, மூச்சுக்குத் திணறிக்கொண்டு இன்னொருத்திக்குச் சொன்னார். அவள் போன பிறகு என் பக்கம் திரும்பி, “இத அவ நம்பணும் உமா. நம்பலேன்னா இந்த வேலையே செய்ய மாட்டா. நல்ல பொண்ணு. கை லேசு. வலிக்காம ஊசி போடறா” என்றார்.

மறுநாள் செயற்கை சுவாசக் கருவி பொருத்த வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். குழாய் போட்டுவிட்டால் பேச முடியாது என்பது அவருக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குப் போட உதவியவர். முனிரத்தினம் அண்ணன் உள்ளே போய் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். அவர்கள் மகள் சத்தியவேடு பக்கத்தில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். கடைசியாக நான் போனேன்.

“உமா, ஊசி போட்டுக்கினியா இந்த வருஷம்?”

“போட்டுக்கினேன்கா.”

“அப்ப மாஸ்க்க கழட்டு. மூஞ்சிய பாக்கணும்.”

அந்த அறைக்குள் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. அவர் சும்மா கேட்கவில்லை என்று தெரிந்தது. நான் என்ன செய்வேன் என்று பார்க்கிறார் என்றும் தெரிந்தது. “இருங்கக்கா” என்று வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். கவுனைக் கழற்றிப் போட்டு, கையைக் கழுவி, கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று மாஸ்க்கை இறக்கினேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் உள்ளேயிருந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு உதட்டை அசைத்தார். கண்ணாடி வழியாகச் சத்தம் வரவில்லை. ஆனால் அது ‘போலீஸ்காரம்மா’ என்பதுதான். தலையை ஆட்டிச் சிரித்தார். டாக்டர் உள்ளே போனார். அதன் பிறகு அமுதாக்கா கண் திறக்கவில்லை. நான் சித்தூருக்குத் திரும்பிய பிறகுதான் அண்ணனின் அந்த ஃபோன் வந்தது.

அடக்கம் அவர் சொந்த ஊரில் நடந்தது. திருப்பதியிலிருந்து நர்ஸுகள் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தார்கள். அவர்கள் திரும்பிப் போய் டூட்டியைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. சுஜாதா தன் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வெதுருகுப்பத்துப் பெரியவரின் மகனுக்கு யார் சொன்னார்களோ, அவரும் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அண்ணனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அது மன்னிப்பா, துக்கம் விசாரிப்பதா, எனக்குத் தெரியாது. அமுதாக்காவாக இருந்தால் நேராகவே கேட்டிருப்பார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்தப் பெரியவர் இறந்த பிறகு அமுதாக்கா ஒரு பழக்கம் ஆரம்பித்தார். காலையில் டூட்டிக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணின் கையையும் பிடிப்பார். வளையல் நல்லா இருக்கே என்பார், மருதாணி எங்கே வைத்தாய் என்பார். கை சுட்டால் அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டு, அவள் டூட்டியையும் தானே பார்ப்பார். “தெர்மாமீட்டர் எதுக்குக்கா இருக்குது?” என்று நான் கேட்டதற்கு, “தெர்மாமீட்டர எடுத்தா இவளுங்க நல்லாத்தான் இருக்கேன்னு ஓடிடுவாளுங்க. கையப் புடிச்சா எங்க ஓடுவாளுங்க?” என்றார். ஊசி அறைக்கு மாற்றிய பிறகும், டூட்டி மாறும் நேரத்தில் ஐசியூ வாசலில் வந்து நின்று இதைச் செய்தார்.

இப்போது சித்தூரில் நான் அதைச் செய்கிறேன். இங்கே ஊசி எல்லாருக்கும் கட்டாயம், டாக்டர் முதல் பெருக்குகிறவர் வரை. ஜுரம் வந்தால் சம்பளத்தோடு லீவு என்பதையும் அதே உத்தரவில் எழுத வைக்கப் போராடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கையெழுத்தாகவில்லை. போன வாரம் ஒரு பெண்ணின் கை சுட்டது. “ஒன்னுமில்ல சிஸ்டர், வெயில்ல வந்தேன்” என்றாள். கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “வீட்டுக்குப் போ கண்ணு. உன் வார்ட நான் பாத்துக்கறேன்” என்றேன். அவள் நம்பாமல் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு நான் கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அழுதேன்.